ஸ்லிங்கில் கைக்குழந்தை: எந்தத் தொல்லைக்கு எங்கே கை வைப்பது

பிறந்து பத்தொன்பது நாளான மகளை முதல் தடவையாக, குழந்தையை உடம்போடு சேர்த்துக் கட்டிச் சுமக்கும் ஸ்லிங்கில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது எனக்கே சிரிப்பு வந்தது. துவைக்கப் போகும் துணிமூட்டை மாதிரி என் தொப்புளுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தாள். அடுத்த நொடியே சிரிப்பு போய்விட்டது. அவள் முகம் எங்கே என்று துணியை விலக்கித் தேட வேண்டியிருந்தது. இறுக்கிக் கட்டினால் நசுங்கிவிடுவாளோ என்று பயந்து, தாராளமாகத் தளர்த்தி விட்டிருந்தேன். ஆபத்து அந்தத் தளர்வில்தான் இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அப்புறம் இரண்டாவது குழந்தையும் வந்தது. தோழிகள் சிலருக்குக் கட்டக் கற்றுக்கொடுத்தேன். அதில் புரிந்தது இதுதான்: அழுகை, சரிவு, முதுகுவலி என்று பெயர் எதுவாக இருந்தாலும், தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டே காரணங்கள். துணி தளர்வாக இருக்கும், அல்லது குழந்தையின் பிட்டத்துக்கு அடியில் துணி சரியாக அமர்ந்திருக்காது. கீழே உள்ளதை முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டியதில்லை. உங்கள் தொல்லை எதுவோ அதற்குப் போங்கள். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

பெயர்க் குழப்பம் வராமலிருக்க ஒரு வார்த்தை. சுமார் ஐந்து மீட்டர் நீளத்தில், பனியன் துணி போல இழுபடும் துணியைச் 'சுற்றுத்துணி' என்கிறேன். ஒரு தோளில் மாட்டி இரண்டு வளையங்களுக்குள் துணியைக் கோத்து இறுக்குவது 'ரிங் ஸ்லிங்'. இடுப்புப்பட்டையும் தோள்பட்டைகளும் கொக்கிகளும் உள்ளது 'பக்கிள் கேரியர்'.

உடனே வெளியே எடுக்க வேண்டிய நேரம்

மூச்சில் முனகலோ சீறலோ விசில் சத்தமோ கேட்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் மூக்குத் துவாரம் விடைக்கிறது. விலாவுக்குக் கீழே வயிறு உள்ளே இழுத்துக்கொள்கிறது. உதடோ நாக்கோ நீலமாக, சாம்பலாக மாறுகிறது. தொட்டு எழுப்பினாலும் அசையாமல் துவண்டு கிடக்கிறது. இதில் எது தெரிந்தாலும் கட்டைச் சரிசெய்துகொண்டு நிற்காதீர்கள், குழந்தையை வெளியே எடுங்கள். எடுத்த உடனே பழைய நிலைக்கு வராவிட்டால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். பிறந்த புதிதில் கையும் காலும் மட்டும் லேசாக நீலம் பாய்ந்திருப்பது சகஜம். உதடும் நாக்கும் அப்படி ஆவது சகஜமல்ல.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. 2010 மார்ச்சில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஸ்லிங் பற்றி ஓர் எச்சரிக்கை விடுத்தது. அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் ஸ்லிங் தொடர்பாக நடந்த 14 மரணங்களை அது ஆராய்ந்திருந்தது. அதில் 12 குழந்தைகள் நான்கு மாதம் நிரம்பாதவர்கள். கழுத்து நிற்காத வயது அது. முகம் துணியிலோ உடம்பிலோ அழுந்தினால் திருப்பிக்கொள்ளத் தெரியாது. தாடை நெஞ்சில் போய் இடித்தால் நிமிர்த்தவும் முடியாது. இன்னொன்று, மூச்சு முட்டும் குழந்தை அழும் என்று நாம் நினைக்கிறோம். அழுவதற்கே மூச்சு வேண்டும். அது சத்தமில்லாமல்தான் நடக்கும். அதனால்தான் முகம் எப்போதும் கண்ணில் பட வேண்டும் என்கிறார்கள்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எடை குறைவான குழந்தை, சளியோ மூச்சுத் தொல்லையோ இருக்கும் குழந்தை, இடுப்பு மூட்டுக்குச் சிகிச்சை எடுக்கும் குழந்தை என்றால் ஸ்லிங் கட்டும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். 'குறைமாதக் குழந்தையைத்தானே கங்காரு முறையில் நெஞ்சோடு கட்டி வைக்கச் சொல்கிறார்கள்' என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்விதான். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் மருத்துவர் எட்கர் ரே தொடங்கி வைத்த முறை அது. இன்று உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைக்கிறது. ஆனால் அது மருத்துவப் பணியாளர்கள் சொல்லிக்கொடுத்துக் கண்காணிக்கும் ஒரு பராமரிப்பு முறை. கடையில் வாங்கிய ஸ்லிங்கை வீட்டில் நாமாகக் கட்டிக்கொள்வது வேறு.

தாடை நெஞ்சில் இடிக்கிறது

சோதனை எளிது. குழந்தையின் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே உங்கள் விரல் ஒன்றாவது தாராளமாக நுழைய வேண்டும். நுழையாவிட்டால் தலையை மட்டும் நிமிர்த்திவிட்டுத் திருப்திப்படாதீர்கள். இரண்டு நிமிடத்தில் மறுபடி கவிழும். தலை கவிழ்வதற்குக் காரணம் தலையில் இல்லை, கீழே இருக்கிறது.

துணி தளர்வாக இருந்தால் குழந்தையின் உடம்பு மெல்ல மெல்ல உள்ளே அமிழும். முதுகு மடங்கும். முதுகு மடங்கினால் கழுத்தும் முன்னால் மடங்கித்தானே ஆக வேண்டும்? பெரிய தலை, வலுவில்லாத கழுத்து, மெல்லிய உறிஞ்சுகுழல் மாதிரி ஒரு மூச்சுக்குழாய். குழலை மடித்தால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரிசெய்வது இப்படி. இரண்டு கைகளையும் குழந்தையின் முழங்கால்களுக்கு அடியில் கொடுங்கள். முழங்கால்களை லேசாக உங்களை நோக்கியும் மேலேயும் நகர்த்துங்கள். தூக்க வேண்டாம், நகர்த்தினால் போதும். பிட்டம் தானாகத் துணிக் குழியில் இறங்கி உட்காரும், இடுப்பு முன்னால் சாயும், முதுகு உங்கள் மேல் படியும், தாடை தானாக மேலே எழும். கையால் தொட்டே பார்க்காத தலை நிமிர்வதைப் பார்க்கும்போது ஏதோ வித்தை மாதிரி இருக்கும். நான் கற்றுக்கொண்டவற்றில் இந்த ஓர் அசைவுக்குத்தான் முதலிடம் கொடுப்பேன். அப்புறம் முதுகுப் பக்கத் துணியை இறுக்குங்கள்.

இதற்கும் சரியாகாவிட்டால் குழந்தை படுத்த வாக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். பைபோல் தொங்கும் ஸ்லிங்கில் குறுக்காகப் படுக்க வைத்தால் தாடை மடங்குவது கிட்டத்தட்ட நிச்சயம். பிறந்த குழந்தைக்கு நிமிர்ந்த நிலைதான் சரி: வயிறு உங்கள் வயிற்றில் படிந்து, நெஞ்சு உங்கள் நெஞ்சில் சாய்ந்து. பை வடிவத்தில் அடியில் ஆழமான குழி உள்ள ஸ்லிங் உங்களிடம் இருந்தால், யார் ஆசையாகக் கொடுத்ததாக இருந்தாலும் ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

போட்டதும் கத்துகிறது

கேள்விகளில் அதிகம் வருவது இதுதான். 'என் குழந்தைக்கு ஸ்லிங் பிடிக்கவில்லை' என்று முடிவு கட்டும் முன் சில விஷயங்களைப் பார்த்துவிடுவோம்.

எப்போது போட்டீர்கள்? பசியில் ஏற்கெனவே அழும் குழந்தையை, கட்டத் தெரியாத கையோடு, பத்து நிமிடம் துணியோடு போராடி உள்ளே நுழைத்தால் எந்தக் குழந்தைதான் கத்தாது? முதல் சில தடவை பால் குடித்து, டயப்பர் மாற்றி, குழந்தை விழித்துச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் நேரமாகத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முந்தைய நாள் ஒரு பொம்மையை வைத்து நாலைந்து தடவை கட்டிப் பழகுங்கள். பொம்மை இல்லையென்றால் சுருட்டிய துண்டு போதும். கட்டிலுக்குப் பக்கத்தில், கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகுவது நல்லது. கை தடுமாறினாலும் கீழே மெத்தை இருக்கும்.

போட்டுவிட்டு அப்படியே நின்றீர்களா? பலர் குழந்தையை உள்ளே வைத்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, சிலையாக நின்று, 'அழுகிறதா?' என்று எட்டிப் பார்ப்பார்கள். அழும். நடக்க ஆரம்பியுங்கள். 2013இல் ஜப்பானில் இருந்து வந்த ஓர் ஆய்வு, அம்மா தூக்கிக்கொண்டு நடக்கும்போது கைக்குழந்தையின் அழுகை குறைவதையும் இதயத் துடிப்பு சட்டென்று தணிவதையும் பதிவு செய்தது. தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அந்த அளவுக்கு இல்லை. ஆகவே கடைசிக் கொக்கி மாட்டியதும் முதல் அடி எடுத்து வைக்க வேண்டும். இறுக்குவதில் மிச்சம் இருந்தால் ஒரு கையால் குழந்தையைத் தாங்கியபடி, நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டு இறுக்கலாம்.

கால்கள் எதையாவது உதைக்கின்றனவா? என் மகள் விஷயத்தில் கண்டுபிடிக்கவே முடியாமல் இருந்த காரணம் இது. பாதத்தோடு சேர்த்துத் தைத்த உடை போட்டிருந்தேன். உட்கார வைத்து முழங்காலை மடக்கியதும் உடை மேலே இழுபட்டு, கால்விரல்களை அழுத்தியது. பாதத்தில் அழுத்தம் பட்டால் கைக்குழந்தை காலை நீட்டி எக்கும், அது அதன் பிறவி அனிச்சை. எக்கினால் முதுகு விறைக்கும், தலை பின்னால் போகும், கத்தல் தொடங்கும். நான் இறுக்கினேன், அவள் இன்னும் எக்கினாள். கடைசியில் பாதம் இல்லாத உடைக்கு மாற்றினேன். அன்று மாலை நாற்பது நிமிடம் தூங்கினாள். பாதங்கள் ஸ்லிங்கின் துணிக்குள்ளே மாட்டிக்கொண்டு, குழந்தை தன் காலிலேயே 'நிற்கிற' நிலையிலும் இதே கதைதான். பாதங்களை வெளியே எடுத்துவிடுங்கள்.

தலையைத் துணி மூடியிருக்கிறதா? பல குழந்தைகளுக்கு அது பிடிப்பதில்லை. கழுத்தின் பின்பக்கம், காதுமடல் உயரம் வரை துணி இருந்தால் போதும்.

உங்கள் கை எங்கே இருக்கிறது? சிரிக்காதீர்கள். முதல் சில நாட்கள் ஒரு கை குழந்தையின் முதுகிலோ பிட்டத்திலோ இருக்கட்டும். கையைத் திடீரென்று எடுத்தால் விழித்துக்கொள்ளும் குழந்தைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், அழுகை எல்லாவற்றையும் ஸ்லிங் தீர்த்துவிடும் என்று நம்ப வேண்டாம். 1986இல் ஹன்சிகர், பார் என்ற இரு ஆய்வாளர்கள், வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் தூக்கி வைத்திருந்த குழந்தைகள் ஆறாவது வாரத்தில் 43 சதவீதம் குறைவாக அழுததாகக் கண்டார்கள். ஸ்லிங் விற்பவர்கள் எல்லோரும் மேற்கோள் காட்டுவது அதைத்தான். ஆனால் அதே பார் 1991இல், ஏற்கெனவே அடங்காமல் அழும் வயிற்றுவலிக் குழந்தைகளை வைத்துச் சோதித்தபோது, கூடுதலாகத் தூக்கியதால் பலன் தெரியவில்லை. இதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை! ஆறு வார வாக்கில் அழுகை உச்சத்துக்குப் போவது இயல்பு. அந்த நாட்களில் உங்கள் கட்டு சரியாக இருந்தும் குழந்தை அழலாம்.

நேரம் ஆக ஆகக் கீழே சரிகிறது

சரியான உயரம் எது? தலையைக் குனிந்தால் குழந்தையின் உச்சியில் முத்தமிட முடிய வேண்டும். கழுத்தை வளைத்து எட்ட வேண்டியிருந்தால் தாழ்வு. சரியான இறுக்கம் எது? குழந்தையின் தலையிலும் முதுகிலும் கை வைத்துக்கொண்டு கொஞ்சம் முன்னால் குனியுங்கள். குழந்தை உங்கள் நெஞ்சைவிட்டு விலகித் தொங்கினால் தளர்வு. முதுகை மெல்ல அழுத்திப் பாருங்கள். துணியோடு குழந்தையும் உங்கள் பக்கம் அமுங்கிச் சுருண்டால் அதுவும் தளர்வுதான். கைகளால் நீங்கள் அணைத்துப் பிடித்தால் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு இறுக்கம் துணியிலும் இருக்க வேண்டும். அணைப்பில் யாரும் நசுங்குவதில்லை.

*சுற்றுத்துணி என்றால்:* குழந்தையை உள்ளே வைத்த பிறகு இறுக்க முயல்வதுதான் தவறு. இந்த வகையில் இறுக்கம் முன்கூட்டியே முடிவாகிவிடும். குழந்தை இல்லாமல் கட்டும்போதே உடம்போடு ஒட்டிய பனியன் அளவுக்கு இறுக்கமாகக் கட்டுங்கள். 'இதற்குள் குழந்தை எப்படி நுழையும்' என்று சந்தேகம் வர வேண்டும். துணி இழுபடும், நுழையும். குறுக்காக வரும் இரண்டு பட்டைகளையும் ஒரு முழங்காலின் பின்பக்கத்திலிருந்து மறு முழங்காலின் பின்பக்கம் வரை விரித்துவிடுங்கள், அப்புறம் மூன்றாவது பட்டையை முதுகின் மேல் ஏற்றுங்கள். மூன்று அடுக்கும் முதுகின் மேல் இருக்க வேண்டும். அவசரத்தில் ஓர் அடுக்கோடு நிறுத்துவது வேண்டாம்.

*ரிங் ஸ்லிங் என்றால்:* வளையங்களைத் தொடக்கத்தில் எங்கே வைத்தீர்கள்? இறுக்க இறுக்க அவை கீழே இறங்கும். அதனால் தோளின் முன்விளிம்பில், உயரத்திலேயே தொடங்குங்கள். நெஞ்சின் நடுவில் தொடங்கினால் முடிவில் வளையம் குழந்தையின் முகத்துக்கு வந்துவிடும். அடுத்து, தொங்கும் வால்துணியை மொத்தமாகப் பிடித்துக் கீழே இழுத்தால் ஒன்றும் நகராது. ஒரு கையால் குழந்தையின் பிட்டத்தைத் தாங்கி எடையைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொள்ளுங்கள். அந்த நொடியில் மறு கையால் ஒரு கரையை இழுங்கள், பிறகு நடுத்துணியை, பிறகு மறு கரையை. எந்தக் கரையை இழுத்தால் எந்த விளிம்பு இறுகுகிறது என்பதைக் குழந்தை இல்லாதபோதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். எடை தொங்கும்போது இழுப்பதும், வாளியோடு தொங்கும் கயிற்றின் முடிச்சை அவிழ்க்கப் பார்ப்பதும் ஒன்று.

*பக்கிள் கேரியர் என்றால்:* இடுப்புப்பட்டை பேன்ட் போடும் இடத்தில் இருக்கிறதா? கைக்குழந்தைக்கு அது மிகத் தாழ்வு. தொப்புள் உயரத்துக்கோ அதற்கும் சற்று மேலேயோ ஏற்றிக் கட்டுங்கள். தோள்பட்டைகளை எவ்வளவு இழுத்தாலும் தாழ்வான இடுப்புப்பட்டையைச் சரிக்கட்ட முடியாது.

துணி வளையத்துக்குள் அசையவே மாட்டேன் என்கிறது

துணி வளையத்துக்குள் முறுக்கிக்கொண்டிருக்கும், அல்லது ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும். கழற்றி, துணியை விசிறி மடிப்பாக மடித்து, இரண்டு வளையங்களுக்குள்ளும் விட்டு, மேல் வளையத்தைத் தாண்டி மடக்கி, கீழ் வளையத்துக்குள் திருப்பி எடுங்கள். மடிப்புகள் வளையத்தின் அகலம் முழுக்கச் சமமாகப் பரவ வேண்டும். கையோடு வளையத்தையும் தடவிப் பாருங்கள். இணைப்புத் தெரியாத ஒரே வார்ப்பாக இருக்க வேண்டும். ஒட்டுப் போட்ட வளையமோ, கைவினைக்கு விற்கும் வளையமோ இதற்கு ஆகாது.

தூங்கியதும் தலை சாய்கிறது

விழித்திருக்கும்போது நன்றாக இருந்து, தூக்கத்தில் மட்டும் தலை பக்கவாட்டிலோ பின்னாலோ போகிறது என்றால் மேல் விளிம்பு தளர்வு. குழந்தை தூங்கிய பிறகு உடம்பு மொத்தமும் தளர்ந்து கொஞ்சம் அமிழும், அப்போது துணி மிச்சமாகும். ஆகவே தூங்கி ஐந்து நிமிடம் கழித்து ஒருமுறை மேல் விளிம்பை இறுக்குவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கழுத்துக்குப் பின்னால் சுருட்டிய சிறு துணியை மேல் விளிம்புக்குள் மடித்து வைப்பதும் உதவும். கன்னம் உங்கள் நெஞ்சில் படிந்து முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்க வேண்டும். மூக்கு உங்கள் உடம்பில் புதைந்திருக்கக் கூடாது. தலை நிற்பதற்காக முகத்தின் மேல் துணியை இழுத்துவிடுவதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

கால்கள் தொங்குகின்றன, அல்லது ஒன்று மேலே ஒன்று கீழே

முழங்கால்கள் பிட்டத்தைவிடச் சற்று உயரமாக, தவளை உட்காருவது போல இருக்க வேண்டும். துணி ஒரு முழங்காலின் மடிப்பிலிருந்து மறு முழங்காலின் மடிப்பு வரை தொடையைத் தாங்க வேண்டும். இடுப்பு மூட்டுக் குறைபாடுகளுக்கான சர்வதேச அமைப்பும், குறிப்பாக முதல் ஆறு மாதங்களுக்கு, இந்த நிலையையே சொல்கிறது. அந்த வயதில் இடுப்புக் கிண்ணம் இன்னும் முழுக்க எலும்பாகவில்லை. தொடைகள் நேராகத் தொங்கினால் மூட்டின் மேல் தவறான இழுப்பு விழும்.

தொங்கினால் கீழ் விளிம்பைப் பாருங்கள். அது குழந்தையின் பிட்டத்துக்கும் உங்கள் வயிற்றுக்கும் நடுவே நுழைந்து, குழந்தையின் தொப்புள் வரை உள்ளே ஏறியிருக்க வேண்டும். பிட்டத்தோடு நின்றுவிட்டால் நாலு உதையில் துணி வெளியே வந்துவிடும், குழந்தையும் வரும். மிதமிஞ்சி விரித்தும் வைக்காதீர்கள். பிறந்த குழந்தையின் கால்கள் இயல்பாக எவ்வளவு விரிகின்றனவோ அவ்வளவு போதும். பக்கிள் கேரியரின் அடிப்பகுதி அகலமாக இருந்து கால்கள் பிளந்து நிற்கின்றன என்றால், அகலத்தைக் குறைக்கும் வசதி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் குழந்தை வளரும்வரை அதை எடுத்து வையுங்கள். பல பக்கிள் கேரியர்களின் குறைந்தபட்ச எடை 3.2 அல்லது 3.5 கிலோ. பெட்டியின் மேல் 'பிறந்ததிலிருந்தே' என்று போட்டிருந்தாலும் உள்ளே இருக்கும் தாளில் எடையைத் தேடிப் படியுங்கள்.

உலகத்தைப் பார்க்கட்டுமே என்று முகத்தை வெளிப்பக்கம் திருப்பி வைப்பது இந்த வயதுக்கு இல்லை. கழுத்து நன்றாக நின்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு வலிக்கிறது

தோள் என்றால், ரிங் ஸ்லிங்கில் துணி கழுத்தோரம் கயிறாகக் குவிந்திருக்கும். தோளின் உருண்டை வரை விரித்துவிடுங்கள், முதுகிலும் அகலமாக விரியட்டும். தோளை மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரே பக்கம்தான் வருகிறது என்று அடம்பிடிப்பவர்கள் (நானும்தான்) கடைசியில் பிசியோதெரபிஸ்டைப் பார்க்கிறார்கள்.

கழுத்து என்றால், பக்கிள் கேரியரின் பின்பக்கக் குறுக்குப்பட்டை கழுத்தருகே ஏறியிருக்கும். தோள்பட்டை எலும்புகளின் நடுவுக்கு இறக்குங்கள். இடுப்புக்கு மேல் முதுகு வலித்தால் குழந்தை தாழ்வாக இருக்கிறது, அல்லது உங்கள் உடம்பைவிட்டு விலகித் தொங்குகிறது. மேலே ஏற்றி இறுக்குங்கள். அதே மூன்றரை கிலோ பாதியாகக் கனக்கும்.

சிசேரியன் தையல் வலிக்கிறது என்றால் பட்டையைச் சகித்துக்கொள்ளாதீர்கள். பட்டை தையலுக்கு மேலே நிற்க வேண்டும், அதன் மேல் அல்ல. இடுப்புப்பட்டையே இல்லாத ரிங் ஸ்லிங்கோ சுற்றுத்துணியோ இந்த நாட்களுக்கு எளிது. சுற்றுத்துணியின் முடிச்சைப் பக்கவாட்டில் போடலாம். எப்போது தொடங்கலாம் என்பதை உங்களுக்கு அறுவை செய்தவரிடமே கேளுங்கள். அடிவயிற்றில் ஏதோ இறங்குவது போலக் கனம் தெரிந்தாலும், உதிரப்போக்கு மறுபடி கூடினாலும் அன்று ஸ்லிங் வேண்டாம். அதுவரை வீட்டில் வேறு யாராவது கட்டிக்கொள்ளட்டும்.

வியர்த்துக் கொட்டுகிறது

ஸ்லிங்கும் ஓர் உடைதான். மூன்று அடுக்குச் சுற்றுத்துணியும் உங்கள் உடம்புச் சூடும் சேர்ந்தால் குழந்தைக்கு உள்ளே மெல்லிய ஓர் உடை போதும். சூடா என்று கையையோ காலையோ தொட்டுப் பார்க்காதீர்கள், அவை எப்போதும் குளிர்ந்தே இருக்கும். பின்கழுத்தைத் தொடுங்கள். ஈரமாக, சூடாக இருந்தால் வெளியே எடுத்து ஆற விடுங்கள். வெயில் நாளில் ஒற்றை அடுக்குள்ள ரிங் ஸ்லிங் பரவாயில்லை. வெயிலுக்காக முகத்தின் மேல் துணி போடுவதற்குப் பதில் நிழலில் நடங்கள்.

பால் கக்குகிறது

குடித்த உடனே வயிற்றை இறுக்கினால் கக்கத்தான் செய்யும். ஏப்பம் விட வைத்து, பத்து நிமிடம் தோளில் போட்டுவிட்டுப் பிறகு கட்டுங்கள். நெஞ்சின் மேல் ஒரு துண்டு.

ஸ்லிங்கில் வைத்தே பால் கொடுக்க வரவில்லை

முதல் மாதம் வராமல் இருப்பதே நல்லது என்பது என் கட்சி. தாய்ப்பால் கொடுக்கவும் ஸ்லிங் கட்டவும் தனித்தனியாகக் கை பழகிய பிறகு சேர்த்துக்கொள்ளலாம். அப்போதும் நிமிர்ந்த நிலையிலேயே, துணியைக் கொஞ்சம் தளர்த்தி, மார்பு உயரத்துக்குக் குழந்தையை இறக்கி, ஒரு கையால் தலையின் அடியைத் தாங்கிக் கொடுங்கள். குடித்து முடித்ததும் மறுபடி ஏற்றி இறுக்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். குடித்தபடியே தூங்கிப்போகும், எழுப்ப மனம் வராது, தாழ்வாக, தளர்வாகக் கட்டியபடியே விட்டுவிடுவார்கள். கண்ணை மூடியிருக்கும் குழந்தை எழுந்தாலும் பரவாயில்லை, ஏற்றுங்கள்.

இறக்கிப் படுக்க வைத்தால் எழுந்துகொள்கிறது

2022இல் ஜப்பானிய ஆய்வாளர்களும் இத்தாலிய ஆய்வாளர்களும் சேர்ந்து இதையே ஆராய்ந்தார்கள். சிறிய ஆய்வு, 21 குழந்தைகள்தான். அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நடப்பது, தூங்கிய பிறகு உடனே படுக்க வைக்காமல் ஐந்திலிருந்து எட்டு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருப்பது, பிறகு படுக்க வைப்பது என்று ஒரு வழியைச் சொன்னார்கள். அதில் எனக்குப் பிடித்த தகவல், குழந்தை உஷாராவது மெத்தையில் முதுகு படும்போது அல்ல, அம்மாவின் உடம்பைவிட்டு விலகத் தொடங்கும்போதே என்பது. அதனால் இடுப்புப்பட்டையைக் கழற்றி, ஸ்லிங்கோடு சேர்த்துக் குனிந்து, நெஞ்சு ஒட்டியபடியே மெத்தை வரை போய், முதலில் பிட்டம், அப்புறம் முதுகு, கடைசியில் தலை என்று இறக்கிப் பாருங்கள். இறக்கியதும் ஸ்லிங் துணியை அடியிலிருந்து உருவி எடுத்துவிட வேண்டும். மல்லாக்கப் படுத்த குழந்தையின் பக்கத்தில் தளர்ந்த துணி எதுவும் கிடக்கக் கூடாது. நீங்களே சோபாவில் சாய்ந்து கண்ணயரும் நிலையில் இருந்தால், அதற்கு முன்பே இறக்கிவிடுங்கள்.

குழந்தை மேலே இருக்கும்போது எதையாவது எடுக்கக் குனிய வேண்டியிருந்தால், இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி, ஒரு கை அதன் முதுகில். அடுப்பு, சூடான டீ, சைக்கிள், கார் எதுவும் ஸ்லிங்கோடு சேராது.

எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் ஒத்துவரவில்லை

இரண்டு வாரம் தினமும் பத்துப் பத்து நிமிடம் முயன்றும் ஒத்துவராவிட்டால் வகையை மாற்றிப் பாருங்கள். வாங்குவதற்கு முன் தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கிப் போட்டுப் பார்க்க முடிந்தால் நல்லது. இரவல் ஸ்லிங்கில் தையல் பிரிந்திருக்கிறதா, கொக்கியில் விரிசல் இருக்கிறதா, துணி எங்காவது வெளிச்சம் தெரியும் அளவுக்கு நைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆளை மாற்றியும் பார்க்கலாம். இரண்டாவதாகப் பிறந்த மகன் என் ரிங் ஸ்லிங்கில் ஐந்து நிமிடம் இருக்க மாட்டான், பால் வாசனைக்கு மூக்கை முட்டிக்கொண்டே இருப்பான். அவன் அப்பா கட்டிக்கொண்டால் ஒரு மணி நேரம் தூங்குவான். அதனால் எங்கள் வீட்டு பக்கிள் கேரியரின் ஒவ்வொரு வாரிலும் மார்க்கர் பேனாவால் இரண்டு கோடுகள் போட்டு வைத்திருக்கிறோம்: சிவப்பு என் அளவு, நீலம் அவர் அளவு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மகன் வளர்ந்த அளவுக்கு, இரண்டையும் தள்ளிப் போட வேண்டும்.